பன்னிரண்டு பெயர்களுக்கு அப்பால்

எஸ். சந்திரசேகர் என்ற பெயரில் இரண்டு இயற்பியலாளர்கள் இருந்தார்கள். இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள். ஒருவர் விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்டு 1983இல் நோபல் பரிசு பெற்றவர். மற்றவர் பெங்களூரில் இருந்தபடி திரவப் படிக ஆய்வில் பெயர் பெற்றவர். முன்னவர் 1910இல் லாகூரில் பிறந்தார், பின்னவர் 1930இல் கல்கத்தாவில். தாத்தா இருவருக்கும் ஒருவரே: திருச்சியில் படித்து, ஆசிரியர் வேலை பார்த்த ஆர். சந்திரசேகர ஐயர். அவருடைய பெயர்தான் இரண்டு பேரன்களுக்கும். முன்னெழுத்து ஒத்துப்போனது தற்செயல். ஒரு ‘எஸ்’ சுப்பிரமணியன், இன்னொரு ‘எஸ்’ சிவராமகிருஷ்ணன். சர் சி. வி. ராமனுக்கு லாகூரில் பிறந்தவர் அண்ணன் மகன். கல்கத்தாவில் பிறந்தவர் சகோதரி மகன், மருமான்.

இந்தக் குடும்பம் நடந்த தூரத்தை வரைபடத்தில் கோடு போட்டால் இந்தியா முழுக்கக் கிறுக்கியது போல் ஆகிவிடும். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கத்து மாங்குடி. ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7 அன்று, தாய்வழித் தாத்தா சப்தரிஷி சாஸ்திரியின் ஊரான திருவானைக்காவலில். அந்தச் சாஸ்திரி இளம் வயதில் நவ்ய நியாயம் படிப்பதற்காக வங்காளத்து நவத்வீபத்துக்கு நடந்தே போனவர் என்று ராமனின் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். தந்தை 1892இல் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகிக் குடும்பத்தை அங்கே கொண்டு போனார். ராமன் 1907இல் நிதித்துறைத் தேர்வு எழுதித் தேறிக் கல்கத்தா போனார். இடையில் ரங்கூன், நாக்பூர். 1933இல் பெங்களூர். அண்ணன் சுப்பிரமணிய ஐயர் கணக்குத் துறை அதிகாரியாக லாகூரில், வடமேற்கு ரயில்வேயில். அவர் மகன் கேம்பிரிட்ஜ் வழியாகச் சிகாகோவில். மூன்று தலைமுறைக்குள் மாங்குடியிலிருந்து சிகாகோ.

ராமன் வீட்டுக்கு வரலாற்றாசிரியர்கள் கிடைத்தார்கள். அதே ஆண்டுகளில் அதே ரயிலில் ஏறிப்போன ஆயிரக்கணக்கான திருச்சி, ஸ்ரீரங்கம் குடும்பங்களுக்கு அப்படி யாரும் இல்லை. நாக்பூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ பிறந்து, தமிழை வீட்டுக்குள் மட்டும் பேசி வளர்ந்த பேரப்பிள்ளைகள் இப்போது ‘எங்கள் ஊர் எது, அங்கே யார் மிச்சம்’ என்று தேடி வருகிறார்கள். கையில் இருப்பது ஒரு கோத்திரப் பெயர், ஒரு வீதியின் பெயர், பாட்டி சொன்ன இரண்டு கதைகள். இவற்றை வைத்துக்கொண்டு எங்கே போய் யாரைக் கேட்பது?

காவிரிக் கரையிலிருந்து தொடங்கலாம். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. எள்ளும் தண்ணீரும் இறைத்து அங்கே சொல்லப்படும் தர்ப்பணம், வம்ச ஆய்வு செய்பவரின் கண்ணுக்கு ஒரு வாய்மொழிப் பதிவேடு. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, கொள்ளுப்பாட்டி. பிறகு தாய்வழியில் தாத்தா தொடங்கி மூன்று ஆண்கள், அவர்களுடைய மனைவியர் மூவர். மொத்தம் பன்னிரண்டு பெயர்கள், கோத்திரத்தோடு. தாய் உயிரோடு இருந்தால் அந்த வரிசை பாட்டியிலிருந்து தொடங்கி ஒரு படி மேலே போகும். படிப்பறிவோ சொத்தோ இல்லாத வீட்டிலும் இந்தப் பன்னிரண்டு பெயர்களை ஒப்பிக்கும் ஒருவராவது இருப்பார். நூறு ஆண்டுக் காலத்தைத் தாள் இல்லாமல் காப்பாற்றும் ஏற்பாடு இது.

ஆனால் அது நகரும் ஏற்பாடு. தந்தை இறந்ததும் அவர் பெயர் உள்ளே வரும், மேலே இருந்த ஒருவர் பெயர் உதிரும். எழுதி வைக்காத வீட்டில் அப்படி உதிர்ந்த பெயரை மீட்க வழியில்லை. ஹரித்வாரில் பண்டாக்கள் ‘வஹி’ என்ற நீளக் கணக்குப் புத்தகங்களில் யாத்திரிகர் குடும்பங்களின் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வம்சாவளிச் சங்கம் அவற்றைப் படச்சுருளில் பதிவு செய்தது. அம்மா மண்டபத்தில் அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. சாஸ்திரிகள் பெயரைக் கேட்பார், மந்திரத்தில் சேர்ப்பார். அதோடு சரி.

இன்னொரு குறை பெரிது. பன்னிரண்டு பேரில் ஆறு பேர் பெண்கள்தாம். ஆகவே சடங்கு பெண்களை ஒதுக்கியது என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆறு பேருமே இந்த வீட்டுக்கும் தாய்வழித் தாத்தா வீட்டுக்கும் மருமகள்களாக வந்தவர்கள். அந்த வீடுகளில் பிறந்து வெளியே போன அத்தையும், அத்தைப்பாட்டியும், தாத்தாவின் தங்கையும் வரிசையில் இல்லை. மஹாளய பட்சத்திலும் கயாவிலும் ‘காருண்ய பித்ருக்கள்’ என்ற தலைப்பில் அவர்களுக்கு இடம் உண்டு. அது பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப்படும் பகுதி. மனைவியாக வந்தவள் நினைவில் நிற்கிறாள், மகளாகப் போனவள் மறைகிறாள். சிதறிய உறவினரைத் தேடுவோருக்கு இது சிறிய இழப்பு அல்ல. ராமனின் சகோதரி சீதாலட்சுமியை விட்டுவிட்டால் அந்தக் குடும்ப மரத்திலிருந்து அவருடைய மகன்களான எஸ். ராமசேஷன், எஸ். சந்திரசேகர், எஸ். பஞ்சரத்தினம் ஆகிய மூன்று அறிவியலாளர்களும் ஒருசேர விழுந்துவிடுவார்கள்.

சடங்குக்கு அடுத்து கோயில். திருச்சியில் பழைய பெயர்கள் மிக அடர்த்தியாகக் கிடைக்கும் இடம் ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயில்தான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுக்க இந்த ஒரே கோயிலுக்கு ஒதுக்கப்பட்டது. அறுநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் அதில் உள்ளன. கோயிலின் நடைமுறை வரலாற்றைச் சொல்லும் ‘கோயில் ஒழுகு’ வேறு இருக்கிறது. பட்டர்கள், உத்தமநம்பிகள், கந்தாடைக் குடும்பத்தார், அரையர்கள் என்று தீர்த்தத்துக்கும் பரிவட்டத்துக்கும் உரிமை உள்ள குடும்பங்களின் வரிசை தலைமுறைக் கணக்கில் அங்கே பேணப்பட்டது. யாருக்கு முதல் தீர்த்தம் என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனால், வாதி தன் வம்சத்தைத் தாளில் விரித்துக் காட்டியாக வேண்டும். மரியாதைச் சண்டைகளால் யாருக்கு நன்மையோ தெரியாது, வம்ச ஆய்வாளருக்கு நன்மை உண்டு.

ஸ்ரீரங்கம் வெறுமனே ஆட்களை வெளியே அனுப்பிய ஊர் அல்ல, திரும்ப வாங்கிக்கொண்ட ஊரும்கூட. 12ஆம் நூற்றாண்டில் ராமானுஜர் ஹொய்சள நாட்டுக்குப் போய் மேல்கோட்டையில் தங்கியதன் நினைவைக் கன்னட நாட்டு ஐயங்கார் குடும்பங்கள் இன்றும் தங்கள் தொடக்கக் கதையாகச் சொல்கின்றன. கன்னடம் கலந்த தமிழை அவர்கள் வீட்டில் பேசுகிறார்கள். 1323இல் தில்லிப் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியர் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்; வேதாந்த தேசிகர் கன்னட நாட்டுப் பக்கம் போனார். மூர்த்தி திரும்பி வந்தது 1371இல், விஜயநகர அதிகாரி கோபணர் காலத்தில். இடைப்பட்ட ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் பழைய மூர்த்தியைப் பார்த்தவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். வந்தது அசல்தானா என்று சொல்ல ஆள் இல்லை. அப்போது, கண் பார்வை போன ஒரு கிழவர், பெருமாளின் ஆடைகளை வெளுத்தவர், முன்வந்தார் என்கிறது கோயில் ஒழுகு. திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் வாசனையை வைத்து ‘இவரே நம்பெருமாள்’ என்று அவர் சொன்னார். அந்தப் பெயரே நிலைத்தது.

இந்தக் கதையில் ஆசாரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாட்சி சொன்னவருக்கு ‘ஈரங்கொல்லி’ என்ற தொழிற்பெயர் மட்டும்தான். அவருக்கும் மக்கள் இருந்திருக்கக்கூடும், பேரர்கள் இருந்திருக்கக்கூடும். அவர்களைத் தேடிப் போக ஒரு நூலிழைகூடக் கிடையாது.

கோயில் வரிசைக்குள் வராத குடும்பங்களுக்குக் குலதெய்வம் கைகொடுக்கும். ஊர் மறந்து போயிருக்கும், தாத்தா பெயர் மறந்து போயிருக்கும். முடி இறக்கிக் காது குத்தும் கோயில் மட்டும் மறக்காது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனும் குணசீலம் பெருமாளும் இப்படிப் பல மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களை இழுத்து வருகிறார்கள். மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அந்த இரண்டு நாள்களில் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர், தன் வீட்டு வழக்கங்களையே சொல்லும் முன்பின் தெரியாத பங்காளி ஒருவரைச் சந்தித்தாலும் சந்திக்கலாம். குலதெய்வம் ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்றல்ல, தேட வேண்டிய வட்டத்தைச் சுருக்கித் தரும் குறிப்பு. பல தேடல்கள் இந்த இடத்தில்தான் தடம் மாறுகின்றன: ஒரே கோத்திரம், ஒரே குலதெய்வம் என்றதும் உறவு உறுதி என்று மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய ஜாதகமும் அப்படித்தான், படிக்கத் தெரிந்தால் பொக்கிஷம். ஆண்டு, மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், லக்கினம் என்று எல்லாம் இருக்கும். ஆனால் ஆண்டு தமிழ் ஆண்டு. ‘சர்வதாரி ஐப்பசி’ என்று இருந்தால் 1888ஆ, 1948ஆ, அதற்கும் முன்னால் 1828ஆ? அறுபது ஆண்டுக்கு ஒரு முறை பெயர் திரும்பி வருகிறது. கட்டத்தில் குருவையும் சனியையும் பார்த்து ஆண்டைப் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். குரு ஏறக்குறைய 12 ஆண்டிலும் சனி ஏறக்குறைய 30 ஆண்டிலும் ஒரு சுற்று முடிப்பதால், அறுபது ஆண்டில் இரண்டுமே கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். காட்டிக்கொடுப்பது ராகுவும் கேதுவும்தான். அவற்றின் சுற்று 18½ ஆண்டுக்குச் சற்றே மேல். அறுபது ஆண்டில் மூன்று சுற்று முடித்து ஏறக்குறைய மூன்று ராசி தள்ளி நிற்கும். ராகு எந்த வீட்டில் என்று பார்த்தால் 1888க்கும் 1948க்கும் இடையே குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி அரசாங்கத்தின் தாள்கள். இவை பாசத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. வரி வாங்கவும் உரிமையைத் தீர்க்கவும் எழுதப்பட்டவை. அதனால்தான் நம்பகமாக இருக்கின்றன. ஸ்ரீரங்கம், லால்குடிப் பக்கத்து அக்ரகாரங்களின் மானிய நிலங்களை 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொன்றாக விசாரித்தது. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கும் முதலில் பெற்றவருக்கும் என்ன உறவு என்று கேட்டு எழுதிய இனாம் பதிவேடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1860களில் வாழ்ந்த கொள்ளுத்தாத்தாவின் தந்தை அங்கே தென்பட வாய்ப்பு உண்டு. நிலம் இல்லாதவர் தென்பட மாட்டார்.

பத்திரப்பதிவு அலுவலகம் அடுத்த படி. வில்லங்கச் சான்று 1975 முதல் இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தியதை உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் அண்ணன் தம்பிகள் மட்டும் வரிசையாக நிற்பார்கள். 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதற்கு முன் மணமாகியிராத மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை உண்டு என்றது. அதற்குப் பிறகு எழுதிய பத்திரங்களைப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். சகோதரிகள் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரங்கள் வரத் தொடங்குகின்றன. அவற்றில் பெண்ணின் பெயர், கணவர் பெயர், மும்பையிலோ போபாலிலோ அவர் குடியிருக்கும் முகவரி, கதவிலக்கம் உட்பட எல்லாம் இருக்கும். பங்கை விட்டுக்கொடுக்க வைப்பதற்காகவாவது அத்தையைத் தேடிக் கண்டுபிடித்து எழுதியாக வேண்டியிருந்தது. பாசம் சேர்க்காத பெயரைச் சொத்து சேர்த்திருக்கிறது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் இதே வகைதான்: மகன்களோடு மகள்களும் வரிசையில் உண்டு.

எல்லைக் குழப்பத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய தாளில் ‘டிரிச்சினாப்பள்ளி ஜில்லா’ என்று இருந்தால் அது இன்றைய திருச்சி மாவட்டம் அல்ல. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு திருச்சிக்கு வந்தது, 1995இல் தனி மாவட்டமாகப் போனது. பெரம்பலூரும் அதே 1995இல் பிரிந்தது; அரியலூர் பின்னால் பிரிந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், அதன்பின் திருச்சி மாவட்டத்தில், 1974 முதல் தனி மாவட்டம். ஸ்ரீரங்கத்துக்குத் தனி நகராட்சி இருந்தது. 1994இல்தான் அது திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. பிறப்புப் பதிவைத் தவறான அலுவலகத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பியவர்கள் நிறைய. சரியான அலுவலகத்தைப் பிடித்தாலும் பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும்: ‘பெண் குழந்தை’, தகப்பன் பெயர், தெரு. அவ்வளவுதான்.

நிலம் உள்ளவரை வரிக்கணக்கு எழுதியது. நிலம் இல்லாதவரை எழுதியது கப்பல்.

1860க்கும் 1911க்கும் இடையே தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். முதல் கப்பல் ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று பேரேடு எழுதப்பட்டது. தமிழ் ஊர்ப்பெயரை ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் பாதி ஊர்களை அடையாளம் காண்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஆனாலும் அந்தத் ‘தந்தை பெயர்’ கட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் இருந்தது. அதே காலத்தில் அக்ரகாரத்து மகள் ஒருத்தி மணமாகிக் கல்கத்தா போயிருந்தால், அவள் இன்னாருடைய மகள் என்பதற்கு எழுத்துச் சான்று கிடைப்பது அரிது. முசிறிப் பக்கத்துச் சேரியிலிருந்து டர்பனுக்குப் போன பெண்ணுக்கு அப்படி ஒன்று கிடைக்கக்கூடும். அவளைக் காப்பாற்றுவதற்காக யாரும் எழுதவில்லை. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினார்கள். மொரீஷியசின் குடிவரவு ஆவணங்கள் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, பிற்காலத்தவருக்குப் புகைப்படத்தோடு.

இலங்கைக்குப் போனவர்களின் தடம் திருச்சி நகருக்குள்ளேயே தொடங்குகிறது. தேயிலைத் தோட்ட முதலாளிகளின் சங்கம் ஆள் சேர்ப்பதற்காக 1904இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமையகம் திருச்சியில்தான் இருந்தது. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்தவர்கள் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த தகர வில்லைகளோடு மண்டபம் வழியாகக் கடல் கடந்தார்கள். நேட்டால் பேரேடு போல ஒரே இடத்தில் தேடக்கூடிய ஆவணம் இவர்களுக்கு இல்லை. கங்காணியின் கணக்கில் பெயர் இருந்தது கடன் பாக்கிக்காக.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் ஊர்ப்பெயரை மறுபடி கேட்டது குடியுரிமைச் சட்டம். 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால் வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம் என்றது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. ஹட்டனிலும் பதுளையிலும் பிறந்து தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்திராதவர்கள் தங்கள் ‘சொந்த ஊர்’ எது என்று சொல்ல வேண்டியிருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம், திருச்சி கொட்டப்பட்டு முகாம்களில் தங்கி, அந்த ஊர்களைத் தேடிப் போனார்கள். பலருக்கு அங்கே பங்காளிகள் இருந்தார்கள். ஆனால் பங்கு கேட்க வந்துவிட்டார்களோ என்ற அச்சம் பங்காளிகளின் முகத்தில் தெரிந்தது. உறவு தேடிப் போகிறவர் எவரும் கணக்கில் கொள்ள வேண்டிய செய்தி இது. ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் அமெரிக்காவிலிருந்து வந்து கதவைத் தட்டும் பேரனையும் வீட்டார் முதலில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பொன்மலைக்கு வேறு கதை. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் இறுதியில் பொன்மலைக்கு மாறியபோது தொழிலாளர் குடும்பங்களும் கூடவே குடிபெயர்ந்தன. அவர்களோடு வந்த ஆங்கிலோ இந்தியர்களில் பெரும்பங்கினர் 1947க்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போனார்கள். அவர்களுக்கு ஆவணப் பஞ்சம் இல்லை. மாதாகோயில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் சென்னை வழியாக லண்டன் போய்ச் சேர்ந்து இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1826 ஏப்ரல் 3இல் திருச்சியில் நீராடும்போது இறந்த பிஷப் ஹீபர் அடக்கமான புனித யோவான் ஆலயம் போன்றவற்றின் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் 1905லேயே நூலாகத் தொகுத்துவிட்டார். இவ்வளவு இருந்தும் தேடல் மேலே போகப்போக ஓரிடத்தில் முட்டும். கம்பெனிச் சிப்பாய் காலத்து ஞானஸ்நானப் பதிவுகளில் தகப்பனின் பெயர், படைப்பிரிவு எல்லாம் தெளிவாக இருக்க, தாய் இந்தியப் பெண் என்றால் அவள் பெயரே இராது, அல்லது மதம் மாறியபோது சூட்டிய ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். அக்ரகாரத்தில் மகள் மறைந்தாள் என்றால் பாளையத்தில் தாயே மறைந்தாள்.

ஐயங்கார், ஐயர் குடும்பங்கள் ஏன் இவ்வளவு வேகமாகக் கிளம்பின என்பதை சி. ஜே. ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2014இல் வெளியிட்ட தமிழ்ப் பிராமணர் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்: நிலத்தை விட்டு ஆங்கிலப் படிப்பு, படிப்பிலிருந்து அரசு வேலை, வேலையிலிருந்து நகரம். புனித வளனார் கல்லூரி 1883இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மாறியதும் இந்த ஏணியின் ஒரு படி. எழுத்தாளர் சுஜாதாவும் அந்தக் கல்லூரி மாணவர்தான். சென்னையில் பிறந்து, பாட்டி வீட்டில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, டெல்லியிலும் பெங்களூரிலும் வேலை பார்த்தவர். அவர் கதைகளை நம்பி வீதியில் வீடு தேடுபவர்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன் நிற்பதைப் பார்க்கலாம்.

வெளியூரில் இறங்கியவர்கள் முதலில் கட்டியது பள்ளிக்கூடமும் பஜனை மடமும். 1932இல் மாதுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், தலைநகர் மாற்றத்தோடு டெல்லிக்கு வந்த தமிழ் எழுத்தர்களின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளிகளும் பழம் ஆவணக் களஞ்சியங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவு, சபை உறுப்பினர் பட்டியல், பொன்விழா மலரில் வந்த குழுப் படம் ஆகியவற்றை முதலில் புரட்ட வேண்டும். திருச்சியில் இருக்கும் தாளைவிட, போன இடத்தில் இருக்கும் தாள் பல நேரம் அதிகம் பேசும். போன இடத்தில் ‘எந்த ஊர்?’ என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள்.

மரபணுச் சோதனையை இப்போது பலர் குறுக்கு வழியாக நினைக்கிறார்கள். எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் ‘மூன்றாம் தலைமுறை உறவினர்’ என்று நூறு பேர் வந்து நிற்பார்கள். மாமன் மகளையும் அக்காள் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சமூகத்தில் இந்தக் கணக்கு பிசகும். ஒரே முன்னோர் பல வழிகளில் வந்து சேர்வதால், தூரத்து உறவினர் பக்கத்து உறவினர் போலத் தெரிவார்கள். கணினியில் மரம் வரையும் மென்பொருளும் இங்கே திணறும். ஒரே பெண்ணை அக்காள் மகளாகவும் மனைவியாகவும் இரண்டு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, இருவர் என்று எண்ணிவிடும். நம்மூர் உறவுமுறையை மரமாக வரைவதைவிட வலையாக வரைவதே பொருத்தம்.

அந்த வலையை நன்றாகப் பதிந்து வைத்திருப்பது மொய் நோட்டு. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் கல்யாணத்திலும் காதுகுத்திலும் வந்தவர் பெயர், ஊர், தொகை என்று எழுதிய நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள், திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால். மகளைக் கொடுத்த ஊர், மருமகள் எடுத்த ஊர், தாய்மாமன் வீடு எல்லாம் அதில் உண்டு. அத்தை பெயர் இராது. ஆனால் அத்தை வீட்டுக்காரர் பெயரும் ஊரும் இருக்கும். அதோடு கருமாதிப் பத்திரிகையையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் என்று இறந்தவரின் குடும்பம் முழுக்க அச்சில் வருவது அங்கேதான். நாற்பது ஆண்டுப் பத்திரிகைகளைக் கட்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஊரில் இருந்தால் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, விரும்பியோ விரும்பாமலோ மாநிலமே வம்ச ஆய்வில் இறங்கியது. 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்த இடத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. அதிகம் அலைந்தவர்கள் மணமாகி ஊர் மாறிய பெண்கள்: புகுந்த வீட்டுப் பட்டியலில் அவர்கள் கணவர் பெயரோடு இருந்தார்கள், அதற்கு முந்திய தடத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. திருச்சி நகரத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். இன்றைய திருச்சி கிழக்கு, திருச்சி மேற்கு என்ற தொகுதிகள் அந்தப் பழைய பட்டியலில் இல்லை. தொகுதி மறுவரையறைக்கு முன் அவை திருச்சி 1, திருச்சி 2. அப்பா எந்த எண்ணில் ஓட்டுப் போட்டார், எந்தப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி என்று மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மகள்கள் தொலைபேசியில் கேட்க, பழைய பாகம் எண்ணைத் தேடி எடுத்துச் சொன்னவர்களில் பலர் அவர்களுடைய அத்தைகள்.